புரோன்ஸ்வில்: ஒரு பெயரும் அதற்கான தமிழும்

சிகாகோவின் தெற்குப் பக்கத்தில் ஒரு பகுதிக்குப் பெயர் புரோன்ஸ்வில் (Bronzeville). கறுப்பின அமெரிக்கர்களின் இசை, பத்திரிகை, வங்கி, கடைத்தெரு எல்லாம் ஒன்றாகச் செழித்த இடம் என்றால் நியூயார்க்கின் ஹார்லெமோடு சேர்த்துச் சொல்ல வேண்டியது இதுதான். 'பிரான்ஸ்வில்' என்று எழுதினால் பிரான்ஸ் நாட்டோடு தொடர்புள்ள ஊர் என்று படிப்பவர் நினைத்துவிடுவார். அதனால் 'புரோன்ஸ்வில்' என்று எழுதுவதே நல்லது.

பெயரின் முதல் பாதி 'புரோன்ஸ்'. இத்தாலிய மொழியிலிருந்து பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்த சொல். செம்பும் வெள்ளீயமும் சேர்ந்த கலப்பு உலோகத்தைக் குறிக்கும். அதன் பழுப்பு நிறத்தை வைத்து ஒருவரின் தோல் நிறத்தையும் அப்படிச் சொல்வதுண்டு. 'வில்' என்பது ஊர். இதுவும் பிரெஞ்சிலிருந்து வந்ததுதான்.

இந்தப் பெயருக்கு முன்னால் அந்த இடத்தைப் 'பிளாக் பெல்ட்' (கறுப்புப் பட்டை) என்றார்கள். ஸ்டேட் தெருவை ஒட்டி வடக்கு தெற்காக நீண்ட ஒடுங்கிய நிலப்பட்டை அது. ஆசைப்பட்டு அந்த ஒடுக்கத்தில் யாரும் நெருக்கியடித்துக் குடியேறவில்லை. தென் மாநிலங்களின் வன்முறைக்கும் வறுமைக்கும் தப்பி, ரயிலேறி வடக்கே வந்தவர்கள் அவர்கள். 1910இல் சிகாகோவில் சுமார் 44 ஆயிரம் கறுப்பினத்தவர் இருந்தனர். 1930இல் 2 லட்சத்து 33 ஆயிரத்தைத் தாண்டிவிட்டனர். ஆனால் மற்ற பகுதிகளில் கறுப்பினத்தவருக்கு வீட்டை விற்கவோ வாடகைக்கு விடவோ கூடாது என்று வீட்டு உரிமையாளர்கள் தங்களுக்குள் ஒப்பந்தம் எழுதி வைத்திருந்தார்கள். 1919 கோடையில் நடந்த இனக் கலவரத்தில் 38 பேர் இறந்தார்கள். ஒப்பந்தத்தாலும் வன்முறையாலும் எல்லை அப்படிக் காக்கப்பட்டது.

அந்த எல்லைக்கு உள்ளே இருந்தவர்கள் 1930 வாக்கில் தங்கள் இடத்துக்குத் தாங்களே ஒரு பெயர் வைத்தார்கள். யோசனை சொன்னவர் ஜேம்ஸ் ஜென்ட்ரி. 'சிகாகோ பீ' என்ற கறுப்பினப் பத்திரிகையில் நாடகப் பகுதி ஆசிரியர். 'மிஸ் புரோன்ஸ் அமெரிக்கா' என்ற அழகிப் போட்டியையும் நடத்தியவர். தம் மக்களில் பெரும்பாலோரின் நிறம் கறுப்பைவிட வெண்கலத்துக்குத்தானே நெருக்கம் என்பது அவர் வாதம். அப்புறம் 'சிகாகோ டிஃபெண்டர்' பத்திரிகை 'புரோன்ஸ்வில் மேயர்' என்ற கௌரவப் பதவிக்கு வாசகர்களை வாக்களிக்க வைத்தது. பெயர் மக்கள் வாயில் நிலைத்தது. வெளியார் சூட்டிய பெயரை ஒதுக்கி, தங்கள் முகத்தைப் பார்த்துத் தாங்களே வைத்துக்கொண்ட பெயர் என்பதுதான் இதில் எனக்குப் பெரிதாகப் படுகிறது.

'சிகாகோ பீ'யின் உரிமையாளர் அந்தோணி ஓவர்டன் ஒரு வணிகர். அவர் நிறுவனம் விற்ற முகப்பவுடரின் பெயர் 'ஹை பிரௌன்'. பழுப்பு நிறத்துக்கு ஏற்ற பவுடரைத் தயாரிக்க மற்ற நிறுவனங்கள் அக்கறை காட்டாத காலத்தில் அந்தத் தேவையையே தொழிலாக்கினார். 1920களின் தொடக்கத்தில் ஸ்டேட் தெருவில் அவர் எழுப்பிய கட்டடத்துக்குள் வங்கி, காப்பீட்டு நிறுவனம், பத்திரிகை என்று வரிசையாக வந்தன. கொஞ்ச தூரத்தில் ஜெஸ்ஸி பிங்காவின் வங்கி. இந்த மக்களுக்கு மற்ற வங்கிகளில் கடன் கிடைப்பது அரிது; அவர்கள் சேமிப்பு வீடாகவும் கடையாகவும் மாற இந்த வங்கிகள்தான் வழி. உலகப் பொருளாதாரப் பெருமந்தம் வந்தபோது பிங்கா வங்கி 1930இல் மூடப்பட்டது. ஓவர்டனின் வங்கியும் தப்பவில்லை. போட்டவர்களின் பணமும் போனது.

சரி, தமிழில் என்ன சொல்லலாம்? 'வெண்கல நகர்' என்பதுதான் முதலில் தோன்றும். ஆனால் வெண்கலம் என்பதில் முன்னால் நிற்பதே 'வெண்'. வெள்ளீயம் கூடக்கூட அந்த உலோகம் வெளுக்கும். நம் பெயர் அந்த வெளுப்பைப் பார்த்து வைத்தது போலத் தெரிகிறது. புரோன்ஸ்வில் என்ற பெயரோ அதன் பழுப்பைப் பார்த்து வைத்தது. நேராக மொழிபெயர்த்தால் பெயரின் உயிரே போய்விடும். தோலின் நிறத்தைச் சொல்ல நம்மிடம் 'மாநிறம்' இருக்கிறது. சங்கப் பாடல்கள் பெண்ணின் அழகாகப் போற்றும் 'மாமை'யை உரைகாரர்கள் மாந்தளிர் நிறம் என்பார்கள். மதிப்போடு சொல்லும் சொல் அது. 'வில்' என்பதற்குப் பேட்டை பொருந்தும்; வணிகம் நடக்கும் குடியிருப்பு என்ற பொருள் அதில் உண்டு. ஆக, பொருள் விளக்கமாக 'மாநிறப்பேட்டை' என்பேன். ஊர்ப்பெயராக எழுதும்போது புரோன்ஸ்வில் என்றே இருக்கட்டும்.

இன்று போனால் 'பீ' பத்திரிகைக் கட்டடம் பொது நூலகக் கிளையாக இருப்பதைப் பார்க்கலாம். ஜாஸ் கலைஞர் லூயி ஆர்ம்ஸ்ட்ராங் வாசித்த சன்செட் கஃபே பின்னாளில் ஹார்டுவேர் கடையானது. மார்ட்டின் லூதர் கிங் சாலையில், ஷூ அடித்தோல்களால் ஆன உடையோடு பெட்டி ஏந்தி வடக்கு நோக்கி நிற்கும் வெண்கல மனிதர், குடிபெயர்ந்து வந்தவர்களின் நினைவுச் சின்னம். 51ஆம் தெரு ரயில் நிலையத்தருகே சரக்குக் கன்டெய்னர்களில் சிறு வியாபாரிகள் கடை போடும் 'பாக்ஸ்வில்' இருக்கிறது.

அந்தக் கடைகளைப் பற்றி எழுதும்போது 'பிளாக் பிசினஸ்' என்பதைக் 'கறுப்பு வணிகம்' என்று மாற்றிவிடக் கூடாது. கறுப்புச் சந்தை, கறுப்புப் பணம் என்று பழகிய காதுக்கு அது திருட்டு வியாபாரமாகக் கேட்கும். 'கறுப்பினத்தவர் கடைகள்', 'கறுப்பினத்தவர் நடத்தும் தொழில்கள்' என்று எழுதுங்கள்.