கேமராவை விடத் தெரிய வேண்டும்

இடுப்பளவுத் தண்ணீரில்தான் அது நடந்தது. என்னிடம் ஸ்கூபா கற்று, அதன்பின் அறுபது எழுபது முறை கடலுக்குள் போய்வந்தவர் அவர். புதிதாக வாங்கிய கேமராவை இரண்டு கைகளாலும் நெஞ்சோடு அணைத்தபடி கரையேறிக்கொண்டிருந்தார். இனி நடக்க வேண்டியதுதானே என்று, சிலிண்டரிலிருந்து மூச்சுக்காற்று தரும் ரெகுலேட்டரை வாயிலிருந்து எடுத்துவிட்டார். மாஸ்க்கையும் நெற்றிக்கு ஏற்றிவிட்டார். பின்னாலிருந்து வந்த ஓர் அலை முழங்காலை மடக்கித் தள்ளியது. முதுகில் கனத்த சிலிண்டர், காலில் ஃபின் என்ற நீச்சல் துடுப்பு. கையை ஊன்றினால்தான் எழ முடியும். கை இரண்டும் கேமராவைப் பிடித்திருந்தன. அடுத்த அலையும் அதற்கடுத்த அலையும் அவர்மேல் வந்து உடைந்தன. நான் போய்த் தூக்குவதற்குள் நிறைய உப்புத் தண்ணீர் குடித்துவிட்டார். அப்போதும் கேமரா அவர் கையில்தான் இருந்தது.

மூச்சு சீரான பிறகு, "ஏன் அதை விடல?" என்று கேட்டேன். "விடணும்னு தோணவே இல்ல சார்" என்றார்.

அந்தப் பதில்தான் என்னை எழுத வைக்கிறது. பல வருடமாக டைவிங் கற்றுக்கொடுக்கிறேன், நானும் கடலுக்கடியில் படமெடுக்கிறவன்தான். கேமரா கைக்கு வந்ததும் நல்ல டைவர்கூடப் பாதி டைவராகிவிடுவதைத் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். கண் திரையில், மனம் மீனில். உடம்பை யார் கவனிப்பது?

படகிலிருந்து குதிப்பவருக்கு ஒரு வசதி உண்டு. அவர் தண்ணீரில் இறங்கிய பிறகு மேலிருந்து யாராவது கேமராவை எடுத்துக் கொடுப்பார்கள், திரும்பும்போது வாங்கிக்கொள்வார்கள். கரையிலிருந்து இறங்குபவருக்கு அந்தக் கை கிடையாது. அலை உடையும் இடத்தைக் கேமராவோடு இரண்டு முறை கடந்தாக வேண்டும். அதில் திரும்பி வரும் முறைதான் மோசமானது. உடம்பு களைத்திருக்கும், சிலிண்டரில் காற்று குறைந்திருக்கும், முதுகு அலையின் பக்கம் இருக்கும்.

அதனால் கேமராப் பையைத் திறப்பதற்கு முன் கால்மணி நேரமாவது கடலைப் பாருங்கள். அலைகள் ஒரே அளவில் வருவதில்லை. சிறியவை பல வந்தபின் பெரியவை சில சேர்ந்தாற்போல் வரும், அப்புறம் ஓர் அமைதி. இறங்குவதும் ஏறுவதும் அந்த அமைதியில் நடக்க வேண்டும். இன்னொன்றும் சொல்ல வேண்டும். இரண்டு பக்கமும் அலை உடைய, நடுவில் மட்டும் தண்ணீர் சாதுவாகக் கிடந்தால் அதை நல்ல வழி என்று நம்பிவிடாதீர்கள். கரைக்கு வந்த தண்ணீர் கடலுக்குத் திரும்பும் இழுவை நீரோட்டம் பெரும்பாலும் அப்படித்தான் தெரியும். இறங்கும் இடத்தைவிட ஏறும் இடத்தைத்தான் முதலில் முடிவுசெய்ய வேண்டும். ஒரு மணி நேரத்தில் ஓதம், அதாவது கடல்நீரின் ஏற்ற இறக்கம், மாறினால் அந்த இடம் எப்படி இருக்கும், அதுவும் முடியாவிட்டால் வேறெங்கே ஏறலாம் என்பதும் இறங்குமுன்பே தெரிந்திருக்க வேண்டும். அலையைப் பார்த்து உங்களுக்கே ஐயம் வந்தால் கேமரா அன்று கரையில் இருக்கட்டும். ஐயம் பெரிதாக இருந்தால் நீங்களும்.

தண்ணீரில் கால் வைத்ததிலிருந்து முழுவதும் வெளியே வரும்வரை ரெகுலேட்டர் வாயில், மாஸ்க் முகத்தில். இதில் நான் யாருக்கும் விலக்குக் கொடுப்பதில்லை. கேமராவை ஒரு கையில் மட்டும் பிடியுங்கள். மற்றக் கை மாஸ்க்கைப் பிடிக்கவும், ஊன்றவும், துணையின் கையைப் பற்றவும் சும்மா இருக்க வேண்டும். கேமராவை மணிக்கட்டில் கட்டிக்கொள்ளும் பழக்கம் எனக்குப் பிடிக்காது. அலை புரட்டும்போது கட்டிய கனம் கையையும் சேர்த்து இழுக்கும், பாறையில் சிக்கினால் ஆளும் சிக்குவார். ஒரு கையால், கண்ணால் பார்க்காமலே கழற்றக்கூடிய கொக்கியில், டைவிங் ஜாக்கெட்டின் வளையத்தோடு மாட்டுங்கள். அதைக் கழற்றி விடுவதை நீச்சல் குளத்தில் பத்து முறையாவது பழகுங்கள். நிஜத்தில் அலை புரட்டும்போது யோசித்து முடிவெடுக்க நேரம் இருக்காது, கை பழகியதைத்தான் செய்யும். எழ முடியவில்லை என்றால் எழ முயலவே வேண்டாம். ரெகுலேட்டரில் மூச்சு விட்டுக்கொண்டே முழங்காலில் தவழ்ந்து வந்துவிடுங்கள்.

இனி மூச்சு. கடலுக்கடியில் மூச்சை அடக்காதே என்பது முதல் நாள் பாடம். கேமரா வந்ததும் முதலில் மறந்துபோவது இதுதான். கரையில் படமெடுப்பவர்கள் கை ஆடாமலிருக்க மூச்சைப் பிடித்து ஷட்டரை அழுத்துவார்கள். அதே பழக்கம் தண்ணீருக்குள்ளும் வந்துவிடுகிறது. நுரையீரல் நிறையக் காற்றை இழுத்துப் பிடித்தால் உடம்பின் மிதப்பு கூடும், நீங்கள் அறியாமலே மேலே நகர்வீர்கள். 10 மீட்டர் ஆழத்தில் அழுத்தம் மேற்பரப்பைப்போல இரண்டு மடங்கு. அங்கே பிடித்த காற்று மேலே வருவதற்குள் இரண்டு மடங்காக விரியப் பார்க்கும். ஆழம் குறைந்தால் ஆபத்தும் குறைவு என்று நினைப்பது இங்கே தவறு. ஒவ்வொரு மீட்டருக்கும் காற்று விரியும் விகிதம் மேற்பரப்பை நெருங்க நெருங்கக் கூடுகிறது. நிறைந்த நுரையீரலோடு ஒன்றிரண்டு மீட்டர் மேலே வந்தாலே நுரையீரல் திசு கிழிந்து, காற்றுக் குமிழ் ரத்தத்தில் கலந்து மூளைவரை போய்விடலாம். கரையிலிருந்து இறங்கிப் படமெடுப்பவர் தன் நேரத்தில் பெரும்பகுதியை எங்கே கழிக்கிறார்? மேற்பரப்பை ஒட்டிய நான்கைந்து மீட்டர் ஆழத்தில். அங்கே அலையின் ஏற்ற இறக்கமும் ஆளைத் தூக்கி இறக்கும். கேமரா ஆடாமலிருக்க முழங்கையை விலாவோடு ஒட்டுங்கள். மெதுவாக வெளிவிடும் மூச்சின் கடைசியில் ஷட்டரை அழுத்துங்கள். உடனே அடுத்த மூச்சை இழுங்கள்.

காற்றின் கணக்கையும் கேமரா தின்றுவிடும். நானே ஒருமுறை பாறை இடுக்கில் ஒரு கடற்குதிரையைப் பார்த்து அங்கேயே தங்கிவிட்டேன். ஐந்து நிமிடம் ஆகியிருக்கும் என்று நினைத்தேன், இருபதைத் தாண்டியிருந்தது. சிலிண்டரின் காற்றழுத்தத்தைப் பார் என்ற அலகில் காட்டும் கேஜில் 60 பார். 50 பாரோடு மேலே இருக்க வேண்டும் என்று மற்றவர்களுக்குச் சொல்பவன் நான், கரையோ தொலைவில். அன்று முதல் ஒரு பழக்கம் வைத்திருக்கிறேன்: மூன்று படம், பிறகு கேஜ், பிறகு துணை. எவ்வளவு அரிய மீனாக இருந்தாலும் இந்த வரிசை மாறாது. 200 பாரில் தொடங்கினால் 130-ஐத் தொடும்போதே திரும்பத் தொடங்குகிறேன். கரையேறும் இடத்தில் அலையோடு மல்லுக்கட்ட நேர்ந்தால் அந்த மிச்சம்தான் கைகொடுக்கும். போகும்போது நீரோட்டத்துக்கு எதிராகப் போய்விட்டால் களைத்துத் திரும்பும்போது அதுவே தள்ளிக்கொண்டு வரும். இறங்குமுன் திசைகாட்டியில் கரையின் திசையைக் குறித்துவைப்பதும் முக்கியம். ஒரு மீனைச் சுற்றி நாலு தடவை திரும்பினால் கரை எந்தப் பக்கம் என்பது யாருக்கும் மறந்துபோகும்.

துணையாக வருபவரைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை. நீங்கள் ஒரு பாறைமுன் அசையாமல் கிடக்க, அவர் குளிரில் காத்திருப்பார். சற்று நகர்வார். அவ்வளவுதான், இருவரும் தனித்தனி. எங்கே நிற்பார், எத்தனை நிமிடம், என்ன சைகை என்பதைக் கரையிலேயே பேசிவிடுங்கள். காணாமல் போனால் ஒரு நிமிடம் தேடிவிட்டு இருவரும் மேலே வந்துவிட வேண்டும் என்பதையும்.

மிதப்பைக் கையாளத் தெரியாமல் கேமரா வாங்குவதைக் கொஞ்சம் தள்ளிப்போடுங்கள் என்று கெஞ்சியே கேட்பேன். நிலையாக நிற்க முடியாதவர் ஒரு கையால் பவளத்தைப் பிடிப்பார், ஃபினால் இன்னொன்றை உடைப்பார். பல வருடமாக வளர்ந்தது ஒரு நொடியில் போய்விடும். கைக்கும் ஆபத்துதான். கல்மீன் அசல் பாறையைப்போலவே கிடக்கும், அதன் முதுகு முட்களில் கடும் விஷம்.

படத்தின் தரத்தைப் பற்றி ஒன்று மட்டும். கிட்டப் போங்கள். சிவப்பு நிறம் முதல் சில மீட்டரிலேயே மங்கிவிடும், கரையோரத் தண்ணீரில் மணலும் மிதக்கும். தூரத்திலிருந்து எடுத்தால் விளக்கொளி அந்தத் துகள்களில் பட்டுப் படம் முழுக்கப் பனி பெய்ததுபோல் ஆகிவிடும்.

கேமராவை வைக்கும் நீர்புகாப் பெட்டியான ஹவுசிங்கைக் கடற்கரையில் திறந்து மூடாதீர்கள். வீட்டிலேயே, காற்றாடியை நிறுத்திவிட்டு, தண்ணீர் புகாமல் அடைக்கும் ரப்பர் வளையமான ஓ-ரிங்கை விரலால் தடவிப் பார்த்து மூடுங்கள். ஒரு மணல் துகளோ ஒரு தலைமுடியோ போதும், தண்ணீர் உள்ளே வந்துவிடும். 1856-இல் இங்கிலாந்தின் வேமத் கடலோரத்தில் வில்லியம் தாம்சன் என்பவர் கேமராவை ஒரு பெட்டியில் வைத்துக் கடலடிக்கு இறக்கிப் படமெடுத்தார். அந்தப் பெட்டிக்குள்ளும் தண்ணீர் புகுந்தது. பலரும் நினைப்பதுபோல ஆழத்தில் மட்டும் கசிவதில்லை. அழுத்தம் குறைந்த முதல் ஒன்றிரண்டு மீட்டரில், அலை மோதும் இடத்தில் ஓ-ரிங் சரியாகப் படிந்திருக்காது. அலையைக் கடந்ததும் ஒரு நிமிடம் நின்று குமிழ் வருகிறதா என்று பாருங்கள்.

உள்ளே தண்ணீர் புகுந்துவிட்டால் பதறி மேலே பாயாதீர்கள். கேமரா ஏற்கெனவே போய்விட்டது. வழக்கமான வேகத்தில் ஏறி, 5 மீட்டரில் மூன்று நிமிடம் நின்று வாருங்கள். கரையில் ஹவுசிங்கை முகத்துக்கு நேராக வைத்துத் திறக்க வேண்டாம். உப்புநீரில் நனைந்த பேட்டரியிலிருந்து வாயு வெளியேறி உள்ளே அழுத்தம் ஏறியிருக்கலாம், மூடி தெறிக்கும். திறந்ததும் பேட்டரியைக் கழற்றித் தனியாக, எரியக்கூடிய பொருள் எதுவும் இல்லாத இடத்தில் வையுங்கள். எதுவும் ஆகாமல் திரும்பினால் ஹவுசிங்கை மூடியபடியே நல்ல தண்ணீரில் அரைமணி நேரம் ஊறவிட்டு, பொத்தான்களை ஒவ்வொன்றாக அழுத்தி உப்பை வெளியேற்றுங்கள். திறக்குமுன் உங்கள் தலையையும் துவட்டிக்கொள்ளுங்கள். முடியிலிருந்து சொட்டிய தண்ணீரில் கெட்டுப்போன கேமராவையும் பார்த்திருக்கிறேன்.