இடிந்த வீடு செய்ய நிஜ இடிபாடு வேண்டாம்

போன ஆடி மாதம் ஒரு தம்பி என் பட்டறைக்கு வந்தான். கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கிறான். கையில் ஒரு அரிசிப் பை, அடி கிழிந்துவிடும் போல கனம். மேசையில் கவிழ்க்கப் போனவனை நிறுத்தி, உள்ளே என்ன என்று கேட்டேன்.

"ஒரிஜினல் இடிபாடுண்ணா. பழைய வண்ணாரப்பேட்டையில எங்க தெருவுல ஒரு வீட்டை இடிக்கிறாங்க. அங்க பொறுக்கினது."

செங்கல் துண்டுகள், சுவரிலிருந்து உரிந்த பச்சை பெயிண்ட் சில்லுகள், ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டின் இரண்டு மூலைகள். செங்கல்லில் பாதியை ஏற்கெனவே வீட்டில் இடித்து ஒரு டப்பா தூளாக்கிவிட்டான். பாட்டி இஞ்சி பூண்டு தட்டும் இரும்பு உரலில், கதவைச் சாத்திக்கொண்டு. ஷீட்டை அன்றிரவு இடிப்பதாக இருந்தானாம்.

நான் பெரம்பூரில் கட்டட மாடல் செய்பவன். பில்டர்கள் மனை விற்கும்போது கண்ணாடிப் பெட்டிக்குள் வைப்பார்களே, அந்தக் குட்டி அடுக்குமாடி வீடுகள்தான் என் பிழைப்பு. சில வருடங்களாகப் போர் விளையாட்டுக்காரர்களும் வருகிறார்கள். மேசையில் குட்டி வீரர்களை நிறுத்தி, டேப்பால் தூரம் அளந்து, பகடை உருட்டி ஆடுகிற ஆட்டம். 1987-இல் வந்த வார்ஹாமர் 40,000 இதில் பிரபலம். வீரர்கள் ஒளிந்துகொள்ள இடிந்த கட்டடங்கள் வேண்டும். அதைச் செய்வதும் பெயிண்ட் அடிப்பதும் தனி ருசி, சொன்னால் புரியாது. புது வீடு செய்து செய்து அலுத்த எனக்கு, ஒரு சுவரைப் பாழாக்கக் கூலி தருகிறார்கள் என்பதே சந்தோஷம்.

சரி, அந்தப் பைக்கு வருகிறேன்.

ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் கூரையில் விரிசலோ தேய்மானமோ இல்லாமல் கிடக்கும்வரை அதன் நார்கள் சிமென்ட்டுக்குள் கட்டுண்டு இருக்கும். உடைத்தால், அறுத்தால், இடித்தால் நார் வெளியே வரும். கண்ணுக்குத் தெரியாத மெல்லிசு. நுரையீரலில் போய்த் தங்கினால் உடம்பால் அதைக் கரைக்க முடியாது. நோய் தெரிய இருபது முப்பது வருடம்கூட ஆகும். செங்கல் தூளில் இருப்பது சிலிக்கா. கல் உடைக்கிறவர்களின் நெஞ்சைக் கெடுக்கும் அதே சரக்கு. பச்சைச் சில்லில் ஈயம் இருக்கலாம். வீட்டு பெயிண்டில் ஈயம் 90 பிபிஎம்முக்கு, அதாவது பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் கூடாது என்ற விதி நம் நாட்டில் நடைமுறைக்கு வந்ததே 2017 நவம்பரில்தான். அந்த வீட்டுச் சுவர் எப்போது பூசியதோ, யார் கண்டது?

ஷீட் துண்டுகளின் மேல் தண்ணீர் தெளித்து, இரண்டு கவரில் போட்டு இறுக்கிக் கட்டினேன். குப்பைத் தொட்டியில் போடாமல், இடிபாடு அள்ளுகிறவர்களிடம் இன்னது என்று சொல்லிக் கொடுக்கச் சொன்னேன். வீட்டுத் தரையைத் துடைப்பத்தால் பெருக்கக் கூடாது, ஈரத்துணியால் துடை என்றேன். பெருக்கினால் படிந்த தூசி மறுபடி மூக்கின் உயரத்துக்கு வந்துவிடும்.

அவனைத் திட்டும் தகுதி எனக்கு இல்லை. மரநாரைப் பிசினால் ஒட்டி அழுத்திய எம்.டி.எஃப் பலகையை அறுத்து, உப்புத்தாளால் தேய்த்து, முகத்தில் ஒரு கர்ச்சீஃப் கட்டிக்கொண்டு பத்து வருடம் ஓட்டியவன் நான். காலையில் மூக்கைச் சிந்தினால் பழுப்பாக வரும். பழகிவிட்டது. இருமல் மூன்று மாதம் நிற்காமல் போனபோது மார்புநோய் டாக்டரிடம் போனேன். என்ன தொழில் என்றார். மாடல் செய்கிறேன் என்றேன், அவருக்குப் பிடிபடவில்லை. பலகை அறுப்பேன், தேய்ப்பேன் என்று விளக்கியதும் சீட்டில் 'தச்சர்' என்று எழுதினார். எனக்கு அப்போதுதான் உறைத்தது. பேனா, பிரஷ் எல்லாம் வைத்திருந்ததால் படம் வரைகிறவன் கணக்கில் என்னை வைத்திருந்தேன். என் நெஞ்சுக்கு நான் தச்சன். அதுவும் படுக்கிற அறையிலேயே பட்டறை போட்ட தச்சன். எம்.டி.எஃப்பை ஒட்டி வைத்திருக்கும் பிசினில் ஃபார்மால்டிஹைடு உண்டு. அதையும் மரத்தூசியையும் மனிதர்களுக்குப் புற்றுநோய் உண்டாக்குபவை என்ற முதல் பிரிவிலேயே உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை வைத்திருக்கிறது.

நிஜக் கல் இல்லாமல் நிஜமாகத் தெரியுமா என்று தம்பி கேட்டான். நன்றாகவே தெரியும். 28 மி.மீ. உயர வீரனுக்கு அறுபதில் ஒரு பங்கு அளவு என்று வைத்துக்கொண்டால், நம் ஒன்பது அங்குலச் செங்கல் நீளத்தில் நாலு மி.மீ. கூட வராது. ஃபோம் அட்டையில் பால்பாயின்ட் பேனாவை அழுத்தி வரி போட்டாலே செங்கல் வந்துவிடும். பெயர்ந்த சுண்ணாம்புப் பூச்சுக்கு முட்டை ஓடு. கழுவி, உள்தோலை உரித்து, ஃபெவிகால் தடவிய இடத்தில் வைத்து விரலால் அழுத்தினால் தானே விரிசல் விடும். மெட்ராஸ் சுண்ணாம்புப் பூச்சில் முட்டை வெள்ளைக்கரு கலந்த ஊர் இது, ஓடு மட்டும் சும்மா போவானேன்! காசிமேட்டுக் கடல் மணலை அப்படியே ஒட்டாதீர்கள். உப்பு ஈரத்தை இழுத்து, இரண்டே மாதத்தில் பெயிண்ட் உரியும். நல்ல தண்ணீரில் மூன்று முறை அலசிக் காயவைக்க வேண்டும்.

பெயிண்ட் விஷயத்தில் எனக்கு ஒரே ஒரு மனக்குறை. இணையத்தில் பார்த்துவிட்டு எல்லாச் சுவரிலும் துரு வழிய விடுகிறார்கள். துரு எங்கிருந்து வரும்? கம்பியிலிருந்து. கடற்காற்றின் உப்பு உள்ளே இறங்கி, கம்பி துருப்பிடித்துப் பருத்து, கான்கிரீட்டைத் தள்ளிப் பிளக்கும். ஆகவே கம்பி தெரியும் இடத்தில் அடர்த்தியாகத் தொடங்கி, கீழ்நோக்கி மங்கிக்கொண்டே போக வேண்டும். சுண்ணாம்பும் செங்கல்லுமாகக் கட்டிய பழைய சுவரில் கம்பியே கிடையாது. அங்கே மழை இறங்கிய கறுப்பு, அடியில் பாசிப் பச்சை, இடுக்கில் ஒரு அரசங்கன்று, அவ்வளவுதான். மண்ணடிப் பக்கம் ஒரு தடவை நடந்தால் தெரிந்துவிடும். மெட்ராஸ் டெரஸ் என்கிற பழைய கூரை சரிந்த வீடு கண்ணில் பட்டால் எதிர்த் தெருவில் நின்று பாருங்கள். தேக்கு விட்டங்களின் மேல் மெல்லிய செங்கல்லைச் சாய்வாக, குத்துக்கல்லாக அடுக்கியிருப்பார்கள். போட்டோ எடுங்கள். பொறுக்காதீர்கள்.

அப்புறம் ஸ்பிரே பெயிண்ட். வடசென்னைக்காரர்கள் அதிகம் தப்பு செய்வது இங்கேதான். ஈரக்காற்றில் ஸ்பிரே அடித்தால் பூச்சு வெள்ளை பூத்துவிடும். அதற்குப் பயந்து கதவு, ஜன்னல் எல்லாவற்றையும் சாத்திவிட்டு உள்ளே அடிக்கிறார்கள். பூச்சு நன்றாக வரும். கரைப்பான் முழுவதும் நெஞ்சுக்குள் போகும். டப்பாவிலிருந்து பெயிண்ட்டைத் தள்ளுவது பெரும்பாலும் நம் சமையல் எரிவாயு வகைதான். காற்றைவிடக் கனமானது, தரையோடு தவழ்ந்து போகும். பத்துக்குப் பத்து அறை, பக்கத்தில் அடுப்பு, மூலையில் சாமி விளக்கு. இதற்கு மேல் நான் என்ன சொல்ல? சீலிங் ஃபேன் போட்டிருக்கிறேன் என்பார்கள். அது உள்ளே இருப்பதையே சுற்றி அடிக்கும்.

என்95 மாஸ்க் தூசிக்கு உதவும், ஆவிக்கு உதவாது. ஸ்பிரேக்கு, கரி வடிகட்டி பொருத்திய, முகத்தை அழுத்திப் பிடிக்கும் ரப்பர் மாஸ்க் வேண்டும். தாடி இருந்தால் அதுவும் சரியாக உட்காராது. வேலை முடிந்ததும் காற்றுப்புகாத டப்பாவில் போட்டு மூடுங்கள். ஆணியில் மாட்டி வைத்தால் கரி பாட்டுக்கு வேலை செய்து சும்மாவே தீர்ந்துபோகும்.

ஃபோமின் மேல் நேராக ஸ்பிரே அடித்தால் அது அரித்துக் கரையும். அந்த அரிப்பே பாறை மாதிரி அழகாக இருக்கிறது என்று வேண்டுமென்றே செய்கிறவர்களும் உண்டு. வேண்டாம். சூட்டுக் கம்பியால் ஃபோம் வெட்டும்போதும் புகை தெரிந்தால் சூடு அதிகம் என்று அர்த்தம். ஃபெவிகுயிக் பற்றி ஒரு வார்த்தை: பருத்தித் துணியில் சொட்டினால் சுரீரென்று சூடாகும். என் தொடையில் இன்னும் தழும்பு இருக்கிறது, லுங்கியின் உபயம்.

நான் ஸ்பிரே அடிப்பது மொட்டை மாடியில், காலை பத்து பதினொரு மணிக்கு, கடல்காற்று திரும்புவதற்குள். பக்கத்து மாடியில் வடகம் காய்கிறதா என்று எட்டிப் பார்த்துவிட்டுத்தான். ஐப்பசி, கார்த்திகையில் டப்பாவையே தொடுவதில்லை. கறுப்பு அக்ரிலிக் பெயிண்டில் ஃபெவிகாலும் கொஞ்சம் தண்ணீரும் கலந்து பிரஷ்ஷால் இரண்டு கை. காய ஒரு ராத்திரி ஆகும். ஃபோமும் இறுகிவிடும். அதன்மேல் சாம்பல், பிறகு காய்ந்த பிரஷ்ஷால் வெளிர் நிறத்தை விளிம்புகளில் மட்டும் தேய்த்து எடுப்பது.

தம்பி தீபாவளிக்கு மறுவாரம் வந்தான். இரண்டு மாடி இடிந்த வீடு, முட்டை ஓட்டுச் சுவர், துரு ஒரே ஒரு கம்பியில். நன்றாகவே செய்திருந்தான். உரல் என்ன ஆயிற்று என்று கேட்டேன். பாட்டி தூக்கிப் போட்டுவிட்டு, அவன் காசிலேயே புதிதாக ஒன்று வாங்கிக்கொண்டாளாம்.