சார்லி பிரவுனும் சுண்டைக்காயும்

‘வேர்க்கடலைக் குழந்தைகள்’ என்று மறுபடியும் அச்சில் பார்த்துவிட்டேன். முதல் முறை சிரித்தேன். இரண்டாம் முறை யாரோ அவசரத்தில் எழுதியிருப்பார்கள் என்று விட்டுவிட்டேன். இது மூன்றாவது முறை. சார்லி பிரவுன், லூசி, லைனஸ், ஷ்ரோடர் என்று சிறுவர் சிறுமியர் மட்டுமே நடமாடும் அமெரிக்கச் செய்தித்தாள் சித்திரத் தொடரின் பெயர் ‘பீனட்ஸ்’. அகராதியில் பீனட் என்றால் வேர்க்கடலை. ஆகவே இவர்கள் வேர்க்கடலைக் குழந்தைகளாம். படிப்பவருக்குக் கடலைக் கொல்லையில் களை பறிக்கப் போகிற பிள்ளைகள்தான் நினைவுக்கு வருவார்கள்.

சொல்லின் பிறப்பை முதலில் முடித்துவிடுகிறேன். ஆங்கிலத்தில் ‘பீ’ பட்டாணி, ‘நட்’ கொட்டை; இரண்டும் ஒட்டிப் பீனட். (மணிலாக்கொட்டையை மல்லாட்டை வரை மென்றுவிட்ட நாம் இதில் குறை சொல்ல முடியாது. இலங்கையில் அது கச்சான்.) அமெரிக்கப் பேச்சில் பீனட் என்பது பொடி ஆளையும் குறிக்கும், அற்பக் காசையும் குறிக்கும். பழைய நாடகக் கொட்டகைகளில் உச்சியில் இருந்த மிக மலிவான இருக்கைகளுக்குப் ‘பீனட் காலரி’ என்று பெயர். அங்கே உட்கார்ந்தவர்கள் கடலை கொறிப்பார்கள். நடிப்புப் பிடிக்காவிட்டால் மேடையை நோக்கி வீசுவார்கள். நம் டூரிங் டாக்கீஸில் தரை டிக்கெட் எதுவோ, அவர்களுக்கு அது. 1947 இறுதியில் தொடங்கிய ‘ஹௌடி டூடி’ என்ற தொலைக்காட்சிப் பொம்மை நிகழ்ச்சியில், அரங்கில் உட்காரவைத்த குழந்தைகளுக்கு அந்தப் பெயரைச் சூட்டினார்கள். நாடெங்கும் பரவிவிட்டது.

இத்தொடரை வரைந்த சார்லஸ் ஷூல்ஸ் அதே 1947 முதல் மின்னசோட்டாவின் செயின்ட் பால் நகரப் பத்திரிகையில் ‘லில் ஃபோக்ஸ்’ என்ற பெயரில் குழந்தைகளை வரைந்துவந்தார். ‘சின்ன மனிதர்கள்’ என்று பொருள் கொள்ளலாம். படைப்பை வாங்கிய நிறுவனம், ஏற்கெனவே இருந்த வேறு தொடர்களின் பெயர்களோடு இது மோதும் என்று சொல்லி, அந்தப் பீனட் காலரியை மனத்தில் வைத்துத் தானாகப் ‘பீனட்ஸ்’ என்று மாற்றிவிட்டது. 1950 அக்டோபர் 2 அன்று ஏழு செய்தித்தாள்களில் தொடங்கியது. அந்தப் பெயரில் ஒரு கண்ணியமும் இல்லை என்று ஷூல்ஸ் கடைசிவரை குறைபட்டுக்கொண்டார். பீனட்ஸ் என்பது சார்லி பிரவுனின் பெயர் என்று வாசகர்கள் நினைத்துக்கொள்வார்கள் என்பதும் அவர் கவலை.

இனி வேர்க்கடலைக்கு வருவோம். பீனட் என்ற பொருளுக்கு வேர்க்கடலை சரியான சொல்தான். அதில் எனக்கு வழக்கு இல்லை. ஆனால் இந்தத் தலைப்பில் பீனட் தின்பண்டம் இல்லையே! தமிழில் கடலை எந்தக் காலத்திலும் சிறுமைக்கு அடையாளமாக இருந்ததில்லை. எள்ளளவு என்போம், கடுகளவு என்போம். வள்ளுவர் தினையைச் சொன்னார், குன்றிமணியைச் சொன்னார். கடலையளவு என்று யாரும் சொல்வதில்லை. கடலை என்றால் நமக்குப் பொழுதுபோக்கு, கடற்கரை, காகிதப் பொட்டலம். இளைஞர்கள் ‘கடலை போடுவது’ என்று எதைச் சொல்கிறார்கள் என்பதையும் சேர்த்துக்கொண்டால், ‘வேர்க்கடலைக் குழந்தைகள்’ எங்கே போய் முடியும் என்று மொழிபெயர்த்தவர் ஒரு நொடி யோசித்திருக்கலாம்.

தனித்தமிழ் அன்பர் ஒருவர் இதைத் திருத்துவதாக எண்ணி ‘நிலக்கடலையர்’ என்றார். ஏதோ ஒரு குறுநில மன்னர் மரபின் பெயர் போலிருக்கிறது. தமிழ் விகுதி ஒன்றை ஒட்டிவிட்டால் பிழையும் தமிழாகிவிடும் என்ற நம்பிக்கை நம்மிடையே ஆழமாக இருக்கிறது.

பிற நாட்டினர் என்ன செய்தார்கள் என்று பார்த்திருந்தாலாவது வழி கிடைத்திருக்கும். ஃபின்லாந்தில் இத்தொடர் ‘டெனவாட்’, நார்வேயில் ‘க்நொட்டெனே’. இரண்டுக்கும் பொடிசுகள் என்றே பொருள். டென்மார்க்காரர்கள் ‘ராடிசெர்னெ’ என்றார்கள், அதாவது சின்னச் சிவப்பு முள்ளங்கிகள். கடலைக்கு ஈடாகத் தங்கள் தோட்டத்திலிருந்தே ஒரு பொடிக் காயைப் பறித்திருக்கிறார்கள். எனக்கு இந்த வழி பிடித்திருக்கிறது.

பொடிசுகள், வாண்டுகள், நண்டு சிண்டுகள் எல்லாவற்றையும் நானும் எடை போட்டுப் பார்த்தேன். வாண்டு என்றால் குறும்பு வேண்டும். பட்டத்தை மரத்திடம் பறிகொடுத்துவிட்டு நிற்கிற சார்லி பிரவுனிடம் குறும்பு ஏது? பொடிசுகள் மோசமில்லை, ஆனால் ஸ்னூப்பி நாயையும் உட்ஸ்டாக் குருவியையும் வெளியே நிறுத்திவிடும். நண்டு சிண்டு ஏறத்தாழ வந்துவிட்டது, காசு என்ற பொருள்தான் அதில் இல்லை.

என் வாக்கு சுண்டைக்காய்க்கு. ‘சுண்டைக்காய்ப் பயல்’ என்று ஆளையும் சொல்கிறோம். ‘சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்’ என்று அற்ப விலையையும் சொல்கிறோம். பீனட் சுமக்கிற இரண்டு பொருளும் இங்கே அப்படியே இருக்கின்றன. லூசி மேசை போட்டு உட்கார்ந்து மனநல ஆலோசனைக்கு வாங்குகிற கட்டணம் 5 சென்ட். அதைச் சுண்டைக்காய்க் காசு என்று சொல்லாமல் வேறெப்படிச் சொல்வது? சுண்டுவிரல், சுண்டெலி என்ற வரிசையில் காதுக்கும் இயல்பாக விழுகிறது.

கண்ணியம் இல்லையே என்பீர்கள். ஷூல்ஸின் புகாரே அதுதானே! இத்தொடரில் பெரியவர்கள் தலைகாட்டுவதில்லை. பெரியவர் ஒருவரின் குரல் எங்காவது கேட்கிறதென்றால் அது தலைப்பில்தான்: குழந்தைகளைக் குனிந்து பார்த்து வைத்த பெயர். மொழிபெயர்ப்பிலும் அந்த இளக்காரம் இருக்கவேண்டும். அதோடு சுண்டைக்காய் கசக்கும். முதல் நாள் படத்திலேயே, நடந்து போகிற சார்லி பிரவுனை வாயாரப் புகழ்கிற ஷெர்மி என்ற சிறுவன், அவன் கடந்துபோனதும் அவனைக் கண்டாலே பிடிக்காது என்கிறான். வேர்க்கடலையில் இந்தக் கசப்பு எங்கே கிடைக்கும்?

தலைப்பு மட்டுமா? ‘குட் கிரீஃப்’ என்று சார்லி பிரவுன் அலுத்துக்கொள்வதை ‘நல்ல துக்கம்’ என்று எழுதியதையும் பார்த்திருக்கிறேன். ‘அடக் கடவுளே’ என்று சொல்ல என்ன கேடு? லைனஸ் விடாமல் பிடித்துக்கொண்டிருக்கும் துணி, ஆங்கிலத்தில் ‘செக்யூரிட்டி பிளாங்கெட்’, ‘பாதுகாப்புப் போர்வை’ ஆகியிருந்தது. சுற்றிலும் போலீஸ் நிற்கிற மாதிரி. விரல் சூப்புகிற பிள்ளை கையில் இருப்பது வெறும் போர்வை. அதை விடமாட்டான் என்பதைப் படம் சொல்லிக்கொள்ளும். மார்சி என்ற சிறுமி தன் தோழி பெப்பர்மின்ட் பேட்டியைப் பெண் என்றும் பாராமல் ‘சார்’ என்று அழைப்பாள். தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் தினமும் ஒலிக்கிற சொல். அதைத் தூக்கிவிட்டு ‘ஐயா’ போட்டவரை என்ன சொல்வது?

பெயரை மாற்றவே வேண்டாம், ‘பீனட்ஸ்’ என்றே எழுதுகிறேன் என்பவரோடு எனக்குச் சண்டை இல்லை. மாற்றுகிறவர் சுண்டைக்காயை நினைத்துப் பார்க்கட்டும். 2000 பிப்ரவரி 12 அன்று ஷூல்ஸ் இறந்தார். கடைசி ஞாயிற்றுக்கிழமைப் படம் மறுநாள் வெளிவந்தது. வேறொருவர் இதைத் தொடர்ந்து வரையக்கூடாது என்பது அவர் விருப்பம். எனவே பத்திரிகைகள் பழைய படங்களையே திரும்பத் திரும்ப வெளியிடுகின்றன. அவற்றைச் சுண்டைக்காய் வற்றல் என்றும் சொல்லிக்கொள்ளலாம்.