அடியிறக்கம்: எழுபது வயதுக்குப் பிறகும் அறுவைச் சிகிச்சை உண்டு

கடலூருக்குப் பக்கத்துக் குப்பம் ஒன்றிலிருந்து மகளுடன் வந்த ஆயாவுக்கு எழுபது வயது கடந்திருந்தது. சிறுநீர் அடைத்து அடைத்துப் போகிறது என்று மட்டுமே சீட்டில் எழுதியிருந்தது. பரிசோதனைக்குப் படுத்தபோதுதான், பழைய வேட்டித் துணியை எட்டாக மடித்து அரைஞாண் கயிற்றில் கோவணம்போல் இறுக்கியிருந்ததைக் கண்டேன். துணியை அவிழ்த்ததும் கருப்பை முழுவதுமாக வெளியே வந்தது. உராய்ந்ததில் அதன் நுனியில் புண்ணும் இருந்தது. "மீன்கூடை தூக்கின காலத்துலேயே அடி இறங்கிடுச்சும்மா" என்றார். மகளுக்கு அன்றுதான் தெரியும்.

பல பிரசவங்கள், தலைச்சுமை, தீராத இருமல், மலச்சிக்கல் ஆகியவற்றால் தளர்ந்த இடுப்புத் தளத் தசைகள், மாதவிடாய் நின்றபின் மேலும் வலுவிழக்கின்றன. அவை தாங்கும் கருப்பை கீழே இறங்குவதுதான் அடியிறக்கம். வலி பெரும்பாலும் இல்லாததால் பெண்கள் பொறுத்துக்கொள்கிறார்கள். ஆனால் கருப்பையோடு சிறுநீர்ப்பையும் கீழிறங்கும்போது சிறுநீர்க்குழாய்கள் மடங்கி, சிறுநீரகமே சத்தமில்லாமல் வீங்கக்கூடும். முழு இறக்கம் உள்ள எவருக்கும் சிறுநீரக ஸ்கேனும், சிறுநீரகம் சரியாக வேலை செய்கிறதா என்று காட்டும் கிரியேட்டினின் இரத்தப் பரிசோதனையும் பார்ப்பது இதனால்தான்.

"இந்த வயசுல ஆபரேஷன் தாங்குமா?" என்று மகன்கள் கேட்கிறார்கள். வயது மட்டுமே தடையன்று. இதயம், நுரையீரல், சர்க்கரை ஆகியவற்றின் நிலையே முடிவு செய்கிறது. வழக்கமாகப் பிறப்புறுப்பு வழியாகவே கருப்பையை அகற்றி, பிறப்புறுப்பின் முன்சுவரையும் பின்சுவரையும் தைத்துச் சரிசெய்கிறோம். கருப்பையை எடுப்பதோடு வேலை முடிவதில்லை. பிறப்புறுப்பின் மேல்முனையை உறுதியான இடுப்புத் தசைநாருடன் பிணைக்காவிட்டால், சில ஆண்டுகளில் அதுவே மறுபடி இறங்கலாம்.

உடல் தளர்ந்த முதியவர்களுக்கு, பிரெஞ்சு மருத்துவர் லெ ஃபோர் 1877இல் விவரித்த முறை இன்றும் கைகொடுக்கிறது. முன், பின் சுவர்களின் மேல்தோலைப் பட்டையாக உரித்து இரண்டையும் சேர்த்துத் தைத்துப் பாதையை மூடிவிடுகிறோம். முதுகில் ஊசி போட்டே செய்யலாம். இரத்த இழப்பு குறைவு. மீண்டும் இறங்குவது அரிது. ஆனால் அதன்பின் தாம்பத்திய உறவு இயலாது. உள்ளே இருக்கும் கருப்பையைப் பின்னர் பரிசோதிப்பதும் கடினம் என்பதால், புற்றுநோய்ப் பரிசோதனைகளை முன்கூட்டியே முடித்துவிட வேண்டும். இந்த முறைக்குச் சம்மதமா என்பதை அந்தப் பெண்ணிடம் தனியாக, மகனையும் மருமகளையும் வெளியே இருக்கச் சொல்லிவிட்டுக் கேட்க வேண்டும் என்பதில் நான் பிடிவாதமாக இருக்கிறேன். கைம்பெண்தானே, எழுபத்தைந்து வயதுதானே என்று அவருக்காக வேறு எவரும் முடிவெடுக்கக் கூடாது.

பிறப்புறுப்பு வழியாகச் செயற்கை வலை பொருத்தும் முறையைப் பற்றிச் சிலர் கேட்கிறார்கள். இறக்கத்திற்கான அவ்வகை வலைகளின் விற்பனையை அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2019 ஏப்ரலில் நிறுத்தச் சொன்னது. வயிற்று வழியாகப் பொருத்தும் வலைக்கு அந்தத் தடை இல்லை.

அறுவைக்குத் தகுதியற்றவர்களுக்கு, கருப்பையைத் தாங்கிப் பிடிக்கும் வளையத்தைப் பிறப்புறுப்பினுள் பொருத்தலாம். சில மாதங்களுக்கு ஒருமுறை அதை எடுத்துக் கழுவிப் பார்க்க வேண்டும். மறந்துபோன வளையம் உள்ளேயே அரித்துப் புண்ணாக்கும்.

அந்த ஆயாவின் புண் ஆறுவதற்கு, கருப்பையை உள்ளே தள்ளி மருந்துத் துணி வைத்துப் பத்து நாள் காத்திருந்த பின்னரே அறுவை செய்தோம். ஆறு வாரம் குடம் தூக்கக் கூடாது என்றபோதுதான் அவர் முகம் சுருங்கியது. தும்மும்போது சிறுநீர் கசிவது சிலருக்கு அறுவைக்குப் பின் புதிதாகத் தெரியலாம் என்பதையும் முன்பே சொல்லியிருந்தோம்.

கடலூர் அரசுத் தலைமை மருத்துவமனையோ ஜிப்மரோ, எங்கே சென்றாலும் சீட்டு வாங்குமிடத்தில் காரணத்தை விளக்கிக்கொண்டிருக்கத் தேவையில்லை. "பெண்கள் டாக்டரைப் பார்க்கணும்" என்றால் போதும்; மற்றதைத் திரைக்கு உள்ளே வந்து சொல்லுங்கள்.