சுருண்டு கிடக்கும் முள்ளெலி நலமாக இருக்கிறதா?

சென்ற ஆண்டு மே மாதத்தில் ஒரு காலை, மருத்துவமனையைத் திறந்த சிறிது நேரத்தில், இளைஞர் ஒருவர் செருப்புப் பெட்டி ஒன்றை இரு கைகளாலும் ஏந்திக்கொண்டு வந்தார். உள்ளே ஒரு துண்டின்மேல், அவர் எட்டு மாதங்களாக வளர்த்து வந்த முள்ளெலி பாதி சுருண்ட நிலையில் கிடந்தது. தொட்டபோது அது முள்ளைச் சிலிர்க்கவில்லை, சீறவும் இல்லை. வயிற்றுப் பக்கம் விரலுக்குச் சில்லென்றிருந்தது. மூச்சு இருக்கிறதா என்பதைத் தெரிந்துகொள்ளவே ஸ்டெதாஸ்கோப்பை நெடுநேரம் வைத்துக் கேட்க வேண்டியிருந்தது. "வெயில் தாங்காதேன்னு ராத்திரி ஏசி ரூம்ல வெச்சேன் டாக்டர், சுருண்டு தூங்குதுன்னுதான் நெனச்சேன்" என்றார். ஏசி 18 டிகிரியில் ஓடியிருக்கிறது; கூண்டு இருந்ததோ குளிர்காற்று நேராக இறங்கும் இடத்தில்.

வெந்நீர்ப் புட்டிகளைத் துணியில் சுற்றி இருபுறமும் வைத்து, அவசரப்படாமல் மெல்ல மெல்லச் சூடேற்றினோம். ஒரு மணி நேரத்துக்குப் பிறகு மூக்கு நுனி அசைந்தது. மாலைக்குள் தள்ளாடியபடி எழுந்து நடந்து, சிறிது உணவும் எடுத்துக்கொண்டது. அவர் இன்னும் சில மணி நேரம் தாமதித்திருந்தால் அது பிழைத்திருக்காது. நலமான முள்ளெலி பகல் முழுவதும் சுருண்டுதான் தூங்கும்; நோயுற்ற முள்ளெலியும் சுருண்டுதான் கிடக்கும்; செத்துக்கொண்டிருக்கும் முள்ளெலியும் பார்வைக்கு ஏறக்குறைய அப்படித்தான் இருக்கும். நாயோ பூனையோ உடம்புக்கு முடியாவிட்டால் எப்படியாவது நமக்குக் காட்டிவிடும். முள்ளெலி அப்படிக் காட்டாது. காட்டும் நிலைக்கு வந்துவிட்டதென்றால் நோய் முற்றிவிட்டது என்று பொருள். ஆகவே, அதை வளர்ப்பவர் கண்ணால் பார்ப்பதை மட்டும் நம்பியிராமல் வெப்பநிலை, எடை, எச்சம் ஆகிய மூன்றையும் அளந்தும் கவனித்தும் வர வேண்டும் என்பதை விளக்கவே இதை எழுதுகிறேன்.

நம் ஊர்க் கடைகளில் ஹெட்ஜ்ஹாக் என்ற பெயரில் விற்கப்படுவது பெரும்பாலும் ஆப்பிரிக்கக் குள்ள முள்ளெலி. பின்னங்கால்களில் நான்கே விரல்கள் இருப்பதால் அதற்கு நான்குவிரல் முள்ளெலி என்ற பெயரும் உண்டு. நடு ஆப்பிரிக்காவிலும் கிழக்கு ஆப்பிரிக்காவிலும் உள்ள புல்வெளிகளே அதன் தாயகம். வளர்ந்த விலங்கு 300 முதல் 600 கிராம் வரை எடையிருக்கும்; நல்ல பராமரிப்பில் நான்கைந்து ஆண்டுகள் வாழும், சில அதற்கு மேலும் வாழ்கின்றன. பெயரில் எலி என்று இருந்தாலும் அது எலி இனத்தைச் சேர்ந்ததன்று; முள்ளம்பன்றிக்கும் அதற்கும் உறவில்லை. முள்ளம்பன்றி கிழங்கையும் மரப்பட்டையையும் கொறித்துத் தின்னும் பெரிய விலங்கு. இதுவோ பூச்சிகளைத் தின்று வாழும் சிறிய விலங்கு. இந்த வேறுபாடு தெரியாமல் அணிலுக்கும் முயலுக்கும் கொடுப்பதுபோல் கேரட்டும் தானியமும் மட்டுமே போட்டு வளர்த்தவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

அந்த இளைஞரின் முள்ளெலிக்கு நேர்ந்தது குளிர் உறக்கம். குளிர்நாடுகளில் வாழும் ஐரோப்பிய முள்ளெலி இலையுதிர் காலத்தில் உடலில் கொழுப்பைச் சேமித்துக்கொண்டு, குளிர்காலம் முழுவதும் உறங்கிக் கழிக்கும். ஆப்பிரிக்க முள்ளெலி அதற்கெனக் கொழுப்பைச் சேர்த்து ஆயத்தமாவதில்லை. ஆனால், அறை வெப்பம் 20 டிகிரிக்குக் கீழே இறங்கினால் அதன் உடலும் அதே உறக்கத்துக்குள் நழுவப் பார்க்கும். ஆயத்தமில்லாத உடலுக்கு அது ஓய்வாக அமைவதில்லை: நோய் எதிர்ப்பாற்றல் குன்றும், குடல் இயக்கம் மந்தப்படும், நீடித்தால் உயிர் போகும். கூண்டுக்குள் 24 முதல் 29 டிகிரி வரை இருப்பதே அதற்கு ஏற்றது. சென்னை போன்ற ஊரில் குளிரைப் பற்றி என்ன கவலை என்று கேட்பார்கள். நான் கண்ட குளிர் உறக்கங்களில் பெரும்பாலானவை கோடைக்கால ஏசி அறைகளில் நேர்ந்தவை. அதற்காக ஏசியே கூடாது என்று நான் சொல்லவில்லை. வெப்பம் 32 டிகிரியைத் தாண்டினால் முள்ளெலி கைகால்களைப் பரப்பித் தரையோடு ஒட்டிப் படுத்துக்கொண்டு இரைக்கத் தொடங்கும். அக்கினி நட்சத்திர நாள்களில் மின்சாரம் போய்விட்டால் அதுவும் உயிருக்கு ஆபத்தே. ஏசியை 26 டிகிரியில் வைத்து, காற்று நேராகப் படாத மூலைக்குக் கூண்டை மாற்றினால் போதும். மின்வெட்டின்போது கூண்டுக்குள் ஒரு கிரானைட் துண்டை வைத்தால் அது தானே போய் அதன்மேல் படுத்துக்கொள்ளும். சுவரில் மாட்டிய வெப்பமானி அறையின் வெப்பத்தைத்தான் காட்டும் என்பதால், சிறிய வெப்பமானி ஒன்றைக் கூண்டுக்குள்ளேயே, விலங்கு படுக்கும் உயரத்தில் பொருத்தி வையுங்கள்.

அடுத்து எடை. சமையலறையில் மாவு நிறுக்கும் சிறிய மின்னணுத் தராசு போதும். வாரத்தில் ஒரே நாளில், ஒரே நேரத்தில், ஒரு பிளாஸ்டிக் கிண்ணத்தில் விட்டு நிறுத்து, ஒரு நோட்டில் தேதியிட்டு எழுதி வாருங்கள். பத்தில் ஒரு பங்கு எடை குறைந்துவிட்டால், அது நன்றாகத் தின்பதுபோலத் தெரிந்தாலும் மருத்துவரிடம் காட்டியே ஆக வேண்டும். மூன்றரை வயதுப் பெண் முள்ளெலி ஒன்றை, சாப்பாட்டைச் சிந்துகிறது என்ற ஒரே குறையைச் சொல்லி ஓர் அம்மா கொண்டு வந்தார். ஓராண்டுக்கு முன் எங்கள் பதிவேட்டில் 430 கிராம் என்றிருந்த எடை அன்று 290 கிராமாக இருந்தது. முள்ளெலியின் வாயை விழித்திருக்கும்போது திறந்து பார்ப்பது பெரும்பாலும் முடியாத காரியம் என்பதால், மயக்க வாயு கொடுத்துப் பார்த்தோம். கீழ்த்தாடையின் உட்புறத்தில் கடைவாய்ப் பற்களை அசைத்துத் தள்ளும் அளவுக்குக் கட்டி வளர்ந்திருந்தது. முள்ளெலிகளிடம் அடிக்கடி காணப்படும் வாய்ப் புற்றுநோய் அது. அறுவை சிகிச்சை செய்யும் கட்டம் கடந்துவிட்டிருந்தது; வலி தெரியாமல் வைத்திருக்க மட்டுமே எங்களால் முடிந்தது. அந்த அம்மா அதைக் கண்ணின் மணியாகத்தான் வளர்த்தார். தினமும் கையில் எடுத்துக் கொஞ்சியவர்தான். ஆனால், முள் மூடிய உடம்பு இளைப்பது கைக்கும் தெரியாது, கண்ணுக்கும் தெரியாது. வாராவாரம் நிறுத்திருந்தால் பல மாதங்களுக்கு முன்பே பிடிபட்டிருக்கும் என்ற வருத்தம் எனக்கு இன்றும் உண்டு.

மூன்று வயதைக் கடந்த முள்ளெலிகளில் புற்றுநோய் மிகவும் சாதாரணம். பெண் முள்ளெலியின் சிறுநீரில் இரத்தம் தென்பட்டால், மாதவிலக்கு என்று எண்ணி விட்டுவிடாதீர்கள். முள்ளெலிக்கு மாதவிலக்கு கிடையாது. பெரும்பாலும் அந்த இரத்தம் கருப்பையில் உள்ள கட்டியிலிருந்து வருவதாக இருக்கும். காலத்தோடு கண்டறிந்தால் கருப்பையை அகற்றிக் காப்பாற்ற வாய்ப்புண்டு.

வளர்ப்போர் மிகவும் அஞ்சும் இன்னொரு நோய் தள்ளாட்ட நோய். நரம்புகளைப் போர்த்தியிருக்கும் உறை சிதைவதால் வரும் இந்நோயில், முதலில் முள்ளெலியால் முழுவதும் சுருள முடியாமல் போகும்; பிறகு பின்னங்கால்கள் தளர்ந்து நடை தள்ளாடும்; மாதக்கணக்கில் அது முன்னோக்கிப் பரவி உடல் முழுவதையும் முடக்கிவிடும். வட அமெரிக்காவில் வளர்க்கப்படும் முள்ளெலிகளில் ஏறத்தாழ 10 சதவீதத்துக்கு இந்நோய் வருவதாக மருத்துவ நூல்கள் குறிப்பிடுகின்றன. பெரும்பாலும் இரண்டு வயதுக்குள்ளேயே தொடங்கும். இதற்கு மருந்து இல்லை. இறந்த பிறகு மூளையையும் தண்டுவடத்தையும் ஆய்வு செய்தே உறுதிப்படுத்த முடியும். பரம்பரைத் தொடர்பு இருப்பதாகக் கருதப்படுவதால், இந்நோய் கண்ட குடும்பத்திலிருந்து குட்டி எடுக்கக் கூடாது. ஆனால், தள்ளாடுவதெல்லாம் தள்ளாட்ட நோய் ஆகிவிடாது. குளிர்ந்துபோன முள்ளெலியும் இப்படித்தான் தள்ளாடும். தண்டுவட அடியும் காது நோயும்கூட இதே தோற்றத்தைத் தரும். முதலில் கதகதப்பாக்குங்கள், பிறகு மருத்துவரிடம் வாருங்கள். இணையத்தில் பார்த்துவிட்டு, நோய் இதுதான் என்று தாமே முடிவு கட்டி, கருணைக் கொலைக்கு என்று கொண்டு வந்த ஒரு முள்ளெலிக்கு இருந்தது குளிர் மட்டுமே.

நோயே அல்லாத ஒன்றைக் கண்டு பதறி வருபவர்களும் உண்டு. புதிய வாசனை ஒன்று பட்டதும் முள்ளெலி அதை நக்கியும் மென்றும், வாயில் நுரை கட்டி, கழுத்தை வளைத்து அந்த நுரையைத் தன் முதுகு முள்களின்மேல் பூசிக்கொள்ளும். முதன்முறை பார்ப்பவருக்கு வெறிநோயோ வலிப்போ என்று தோன்றும். அது அதன் இயல்பான பழக்கமே. அதேபோல், இரண்டு மூன்று மாதக் குட்டிகளின் பால்முள் உதிர்ந்து புதுமுள் முளைப்பதும் இயல்பு. ஆனால், முள் உதிர்வதோடு தோலில் மாவு படிந்ததுபோல் செதில் இருந்தால், அல்லது விடாமல் சொறிந்துகொண்டே இருந்தால், அது சொறிப்பூச்சி. இதற்கு நாய்க்கு வாங்கி வைத்த உண்ணி மருந்தை வீட்டிலேயே தெளித்துவிடுகிறார்கள். அரைக் கிலோ எடைகூட இல்லாத விலங்குக்கு அந்த அளவே நஞ்சாகிவிடும். எடை பார்த்து மருந்து கொடுக்க வேண்டியது மருத்துவரின் வேலை.

உணவில் நான் காணும் தவறுகளில் முதன்மையானது பால். முள்ளெலிக்குப் பால் செரிக்காது. கழிச்சல் வந்து நீரிழந்து போகும். புரதம் மிகுந்து கொழுப்பு குறைந்த உலர்ந்த பூனை உணவு நாளுக்கு ஒன்றிரண்டு மேசைக்கரண்டி, அதனோடு சுவர்க்கோழி, மீல்வார்ம் போன்ற பூச்சிகள், எப்போதாவது வேகவைத்த முட்டையோ உப்பில்லாத கோழியோ என்று மாலையில் கொடுக்கலாம். மீல்வார்மை விரும்பித் தின்கிறதே என்று அதையே கொடுத்துவந்தால் சுண்ணாம்புச் சத்து குறைந்து உடம்பும் பெருத்துவிடும். சுருளும்போது முகமும் காலும் உள்ளே அடங்காமல் அக்குளில் கொழுப்பு பிதுங்கினால் அது அளவுக்கு மீறிப் பருத்திருக்கிறது. திராட்சை, வெங்காயம், பூண்டு, சாக்லேட் ஆகியவற்றை அறவே தவிருங்கள். முழு நிலக்கடலை மேலண்ணத்தில் சிக்கிக்கொள்ளும். அப்படிச் சிக்கிய ஒன்றை இடுக்கியால் எடுத்திருக்கிறேன்.

காட்டில் இரவெல்லாம் இரை தேடி நடக்கும் விலங்கு அது. ஆகவே கூண்டில் ஓடுசக்கரம் கட்டாயம் வேண்டும். கம்பிச் சக்கரம் வேண்டாம், கால் இடுக்கில் நுழைந்து முறிந்துவிடும்; ஓட்டையில்லாத தளமும் ஓரடி விட்டமும் உள்ளதாக வாங்குங்கள். படுக்கைத் துணியில் நூல் பிரிந்திருக்கிறதா என்று வாரம் ஒருமுறை பாருங்கள். ஒரே ஒரு தலைமுடி காலில் சுற்றி இறுகி, கணுவுக்குக் கீழே முழுவதும் கறுத்துப்போய் விரல்களை எடுக்க நேர்ந்த முள்ளெலியை நான் பார்த்திருக்கிறேன். துணைக்கு என்று இன்னொன்றை ஒரே கூண்டில் விடாதீர்கள். முள்ளெலி தனித்து வாழும் விலங்கு, சண்டையில் கண்ணும் காதும் போகும்.

வீட்டில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளோ முதியவர்களோ இருந்தால் கூடுதல் கவனம் தேவை. நலமாகத் தோன்றும் முள்ளெலியின் எச்சத்திலும் சால்மோனெல்லா கிருமி இருக்கக்கூடும். 2019 ஆம் ஆண்டில் அமெரிக்காவில் வளர்ப்பு முள்ளெலிகளோடு தொடர்புடைய சால்மோனெல்லா தொற்று 23 மாநிலங்களில் 54 பேருக்குப் பரவியது பதிவாகியுள்ளது. முத்தமிடாதீர்கள், தொட்ட பிறகு சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள், அதன் கிண்ணத்தையும் சக்கரத்தையும் சமையலறைத் தொட்டியில் கழுவாதீர்கள். அதன் தோலிலிருந்து படர்தாமரையும் தொற்றும்; கையில் அரிக்கும் வட்டத் தடிப்பு வந்தால், முள்ளெலி வளர்ப்பதைத் தோல் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

ஒன்றை அழுத்தமாகச் சொல்ல வேண்டும். தென்னிந்தியாவுக்கே உரிய முள்ளெலி ஒன்று தமிழ்நாட்டிலும் உண்டு. மெட்ராஸ் முள்ளெலி என்று பெயர்பெற்ற அது, தென்மாவட்டத் தேரிக்காடுகளிலும் புதர்க்காடுகளிலும் வறண்ட புன்செய்களிலும் இன்னமும் வாழ்கிறது. அதன் முள்ளைச் சுட்டுத் தேனில் குழைத்துக் கக்குவான் இருமலுக்குக் கொடுக்கும் வழக்கத்தால் பல காலமாகப் பிடிக்கப்பட்டு வந்திருக்கிறது. சாலையில் வண்டிகளில் அடிபட்டும் சாகிறது. இப்போது, வளர்ப்பதற்கு என்று தோட்டத்தில் பிடித்ததைப் பெட்டியில் போட்டு என்னிடம் தடுப்பூசி கேட்டு வருகிறார்கள். வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின்படி காட்டுயிரைப் பிடிப்பதும் வளர்ப்பதும் குற்றம். சட்டத்தை விட்டுவிட்டுப் பார்த்தாலும், ஒரு ஈற்றில் ஒன்றிரண்டு குட்டிகள் மட்டுமே ஈனும் விலங்கு அது. ஒன்றைப் பிடித்தால் அந்த இடத்தில் இன்னொன்று வர வெகுகாலம் ஆகும். அடிபட்டதையோ தனித்துக் கிடக்கும் குட்டியையோ கண்டால், பால் புகட்டாமல், காற்றோட்டமுள்ள பெட்டியில் வைத்து வனத்துறைக்குத் தகவல் சொல்லுங்கள். ஆப்பிரிக்க முள்ளெலியை வாங்குபவர்களும், அது எங்கிருந்து எந்த அனுமதியோடு வந்தது என்பதற்கான ஆவணத்தைக் கேளுங்கள். ஆவணம் இல்லையென்றால் வாங்காதீர்கள். வாங்குமுன் உங்கள் ஊரில் முள்ளெலிக்கு மயக்க வாயு கொடுத்துச் சோதிக்கத் தெரிந்த மருத்துவர் இருக்கிறாரா என்று விசாரித்துக்கொள்வதும் அவசியம்.

மருத்துவமனைக்குக் கொண்டு வரும்போது காரில் ஏசியை அணைத்துவிட்டு, துணியில் சுற்றிய வெந்நீர்ப் புட்டி ஒன்றைப் பெட்டியின் ஒரு பக்கத்தில் மட்டும் வையுங்கள். சூடு அதிகமானால் அது மறுபக்கத்துக்கு நகர்ந்துகொள்ள இடமிருக்க வேண்டும். அன்றைய எச்சத்தை ஒரு சிறு டப்பாவில் எடுத்து வாருங்கள். பச்சையாகவோ சளி கலந்தோ இருந்தால் அதுவே எனக்குப் பாதி விவரம் சொல்லிவிடும். எடை எழுதிய நோட்டையும் மறக்காமல் கொண்டு வாருங்கள். அந்த இளைஞர் இப்போது மாதம் ஒருமுறை நோட்டோடு வருகிறார். கடைசியாக வந்தபோது அதிலிருந்த எண் 415.