முன் பிரேக் குப்புறத் தள்ளாது

கடந்த மாதம் ஒருநாள் காலை, கடையின் ஷட்டரைப் பாதி தூக்கியிருந்தபோதே மீன்பாடி வண்டி ஒன்று வாசலில் வந்து நின்றது. காலியான ஐஸ் பெட்டிகளுக்கு நடுவில், முன்சக்கரம் எட்டுப் போட்டதுபோல் வளைந்துபோன சைக்கிள் ஒன்று கிடந்தது. கூட வந்த அம்மாவின் கையில் ஒரு துணிப்பை இருந்தது. அதற்குள் மகனின் சட்டையும் ஒரு ஜோடி ரப்பர் செருப்பும் இருந்தன. வலதுகால் செருப்பை எடுத்துத் திருப்பிப் பார்த்தேன். அடிப்பாகத்தின் குறுக்கே, சரியாக டயரின் அகலத்துக்கு, ஒரு பள்ளம் தேய்ந்திருந்தது. ரப்பர் கருகி வழவழப்பாகியிருந்தது. அந்த வண்டிக்கு அதுநாள்வரை பிரேக்காக இருந்தது அந்தச் செருப்புதான்.

பையனுக்குப் பதினேழு வயது. பதினோராம் வகுப்பில் அரசு கொடுத்த விலையில்லா மிதிவண்டியின் மட்கார்டு, கேரியர், செயின் கவர் ஆகியவற்றைக் கழற்றிவிட்டு, முன்சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க்கை மாற்றி, நேரான ஹேண்டில்பாரும் நிறம் போட்ட டயர்களும் மாட்டி, அழகாகவே கட்டியிருந்தான். திருவொற்றியூர் நெடுஞ்சாலையில் இடப்பக்கம் திரும்பிய கண்டெய்னர் டிரெய்லர் ஒன்றின் பக்கவாட்டில் போய் மோதியிருக்கிறான். காறை எலும்பு முறிந்ததோடு தப்பித்தது அவனுடைய நல்ல காலம். 40 அடி டிரெய்லர் திரும்பும்போது அதன் பின்சக்கரங்கள் முன்சக்கரங்கள் போன வழியே வராமல் உள்ளே வெட்டிக்கொண்டு வரும் என்பதை இந்தச் சாலையில் வண்டி ஓட்டுகிற யாருக்கும் நான் சொல்லத் தேவையில்லை.

“முன் பிரேக்க நான்தான்ணா கழட்டச் சொன்னேன். புடிச்சா குப்புற தள்ளிடும்னு எங்க அண்ணன் சொன்னாரு. பின்னாடி இருந்தத அவனே எப்போ கழட்டினான்னு தெரியல” என்றார் அந்த அம்மா.

இந்த ஆண்டில் என்னிடம் இப்படி வந்த நான்காவது வண்டி இது. வடசென்னையின் தண்டையார்பேட்டையில் இருபத்திரண்டு ஆண்டுகளாகச் சைக்கிளுக்குக் கோட்டம் எடுத்தும் ஓவராயிலிங் செய்தும் பிழைப்பவன் நான். பிள்ளைகள் ஆசைப்பட்டு வண்டி கட்டுவதில் எனக்கு எந்த வருத்தமும் இல்லை, அதில் எனக்கும் நாலு காசு வருகிறது. ஆனால் பிள்ளையின் உயிரைக் காப்பாற்றுவதாக நினைத்துக்கொண்டு பெரியவர்களே முன் பிரேக்கைக் கழற்றச் சொல்வதைக் கேட்கும்போது, கையிலிருக்கும் ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டு ஒரு குவளை தண்ணீர் குடித்த பிறகுதான் என்னால் பதில் சொல்ல முடிகிறது.

மாநகரப் பேருந்தில் நின்றுகொண்டு போகும்போது ஓட்டுநர் சட்டென்று பிரேக் போட்டால் எல்லோரும் எந்தப் பக்கம் சாய்கிறோம்? முன்பக்கம். சைக்கிளிலும் அதேதான் நடக்கிறது. நீங்கள் எந்தப் பிரேக்கைப் பிடித்தாலும், வண்டியின் வேகம் குறையத் தொடங்கிய நொடியிலேயே உங்கள் எடையும் வண்டியின் எடையும் முன்சக்கரத்தின் மேல் போய் அழுத்துகின்றன; பின்சக்கரத்தின் மேலிருக்கும் பாரம் குறைகிறது. எந்தச் சக்கரம் தரையை அழுத்தி நிற்கிறதோ அதற்குத்தான் பிடிமானம் அதிகம். பாரம் குறைந்த பின்சக்கரத்தை எவ்வளவு இறுக்கிப் பிடித்தாலும் அது சுற்றுவதை நிறுத்திவிட்டு வழுக்கிக்கொண்டு போகுமே தவிர வண்டியை நிறுத்தாது. தார்ச்சாலையில் நீளமாகக் கறுப்புக்கோடு போட்டுவிட்டுப் பையன்கள் அதைப் பெருமையாகக் காட்டுகிறார்கள். அந்தக் கோட்டின் நீளம் முழுவதும் வண்டி நிற்காமல் போன தூரம் என்பது அவர்களுக்கு உறைப்பதில்லை.

நம்பாதவர்கள் வண்டியைவிட்டு இறங்கி, பக்கத்தில் நின்று, அதைத் தள்ளிக்கொண்டு வேகமாக நடந்து பாருங்கள். பின் பிரேக்கை மட்டும் பிடித்தால் பின்சக்கரம் சரசரவென்று தரையில் இழுபடும், வண்டியோ முன்னே வந்துகொண்டுதான் இருக்கும். முன் பிரேக்கைப் பிடித்தால் அந்த இடத்திலேயே நிற்கும், பின்பக்கம் லேசாகத் தூக்கும். அந்தத் தூக்கலைப் பார்த்துத்தான் “பாத்தீங்களா, குப்புற தள்ளுது” என்கிறார்கள். காலி வண்டி என்பதால் அது தூக்குகிறது ஐயா. ஆள் சீட்டில் உட்கார்ந்து, கைகளை ஹேண்டில்பாரில் ஊன்றி, உடம்பைச் சற்றுப் பின்னுக்குத் தள்ளி, பிடியைப் படிப்படியாக அழுத்தினால், சக்கரம் தூக்கும் எல்லைக்கு வெகு முன்னாலேயே வண்டி நின்றுவிடும்.

கணக்காகவே சொல்கிறேன். மணிக்கு 25 கிலோமீட்டர் வேகத்தில் போகிறவர் நொடிக்கு ஏறத்தாழ 7 மீட்டர் கடக்கிறார். ஆபத்தைக் கண்டு கை பிரேக்குக்குப் போவதற்கே ஒரு நொடி ஆகிவிடும். அதன்பிறகு காய்ந்த சாலையில் முன்பிரேக், பின்பிரேக் இரண்டையும் சேர்த்துச் சரியாகப் பிடித்தால் நிற்பதற்குச் சுமார் 5 மீட்டர் போதும். பின்பிரேக் மட்டும் இருந்தால் அது 10 மீட்டராகிறது. செருப்புக்கு நான் கணக்குப் போடவில்லை. அந்த அம்மாவின் பையில் இருந்த செருப்பே போதும்.

இந்தப் பயம் எங்கிருந்து வந்தது என்று நானும் யோசித்திருக்கிறேன். நம் அப்பாக்களும் மாமாக்களும் ஓட்டிய வண்டிகளில் இருந்தது ராட் பிரேக். குரோம் பூசிய இரும்பு ரிம்மின் உட்பக்கத்தை இரண்டு ரப்பர் கட்டைகள் மேலே இழுத்துத் தேய்க்கும். மழை பெய்துவிட்டால் அதுவும் பேருக்குத்தான். அந்தப் பிரேக்கை முழுப் பலத்தோடு அழுத்திப் பழகிய கை, அலாய் ரிம்மை இருபக்கமும் இடுக்கிப் பிடிக்கும் வி-பிரேக் மாட்டிய வண்டியையோ டிஸ்க் வண்டியையோ அதே பலத்தோடு அழுத்தினால் ஆள் முன்னால் பறக்கத்தான் செய்வார். போதாக்குறைக்கு, இங்கே விற்கும் சைக்கிள்களில் பெரும்பாலும் வலக்கைப் பிடிதான் முன்பிரேக்; பதறும்போது முதலில் இறுகுவதும் வலக்கைதான். கைக்குப் பழக்கமில்லாததற்குப் பிரேக்கையே கழற்றிவிடுவது, அரிசி கொதித்து வழிகிறதென்று அடுப்பையே உடைப்பதைப் போன்றது.

அடுத்தது ஃபிக்ஸி மோகம். வெளிநாட்டு வீடியோக்களில் பிரேக் இல்லாத மெலிந்த வண்டிகளைப் பார்த்துவிட்டு “அதேமாதிரி கிளீனா வேணும்ணே” என்று வருகிறார்கள். ஃபிக்ஸி எனப்படும் அந்த வண்டிகள் வட்டமான பந்தயத் தடத்தில் ஓட்டப் பிறந்தவை. அங்கே குறுக்கே வர ஆட்டோவும் இல்லை, மாடும் இல்லை. அவற்றில் ஃப்ரீவீல் கிடையாது, பின்சக்கரம் சுற்றும்வரை பெடலும் சுற்றும்; காலால் எதிர்த்து அழுத்தி வேகத்தைக் குறைக்கலாம். நம் பையன்களின் வண்டியில் இருப்பது சாதாரண ஃப்ரீவீல். பெடலைப் பின்னால் சுற்றினால் கடகடவென்று சத்தம் வரும், வேறொன்றும் நடக்காது. அசல் ஃபிக்ஸியாகவே இருந்தாலும் காலால் தடுப்பது பின்சக்கரத்தைத்தான் என்பதால், மேலே சொன்ன 10 மீட்டர் கணக்கு அதற்கும் பொருந்தும். பிரிட்டனில் ஃபிக்ஸியைச் சாலையில் ஓட்ட வேண்டுமானால் முன் பிரேக் கட்டாயம் என்று 1983-ஆம் ஆண்டு விதிமுறையே சொல்கிறது. சைக்கிள் பாதுகாப்புக்கான ஐ.எஸ்.ஓ. 4210 தரநிலையும் முன்னும் பின்னும் தனித்தனியே இயங்கும் இரண்டு பிரேக்குகள் வேண்டும் என்கிறது.

இரண்டு பிரேக்கும் வைத்திருப்பவர்களும் மார்தட்டிக்கொள்ள வேண்டாம். ராயபுரம், காசிமேடு, திருவொற்றியூர்ப் பக்கத்து உப்புக்காற்றில் பிரேக் ஒயர் வெளியே பளபளப்பாக இருக்கும். உறையிலிருந்து உருவினால் மிளகாய்த்தூள் மாதிரி துரு கொட்டும். பிடியை விட்ட பிறகும் கட்டை ரிம்மைவிட்டுத் தானாக விலகவில்லை என்றால் ஒயரை மாற்றுங்கள், எண்ணெய் விட்டு நாளைக் கடத்தாதீர்கள். டிஸ்க் பிரேக் கீச்சிடுகிறது என்று தகட்டில் தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டு வந்தவர்களை எண்ணுவதை நான் நிறுத்திவிட்டேன். எண்ணெய் குடித்த பேடு பிறகு குப்பைக்குத்தான். வண்டி கட்டுகிறவர்களுக்கு இன்னொன்று: வி-பிரேக்குக்கு ஒயரை அதிக நீளம் இழுக்கும் பிடி வேண்டும், அந்தப் பிடியை, ஃபோர்க்கின் உச்சியில் ஒற்றை போல்ட்டில் மாட்டும் கேலிபர் பிரேக்கோடு கோத்தால் கல்லைப் பிடித்தது போலிருக்கும், வண்டி நிற்காது. நிறம் பொருந்துகிறதா என்று பார்ப்பதற்கு முன் இது பொருந்துகிறதா என்று கடைக்காரரைக் கேளுங்கள். சக்கரம் திருடு போகக்கூடாதென்று கனத்த பூட்டை விலை பார்க்காமல் வாங்குகிறவர்கள், ஒரு பிளேட் பிரியாணி விலைகூட ஆகாத பிரேக் கட்டைக்குப் பேரம் பேசுகிறார்கள்.

முன் பிரேக்கைப் பிடிக்கக் கூடாத இடங்களும் உண்டு. வளைவில் வண்டி சாய்ந்திருக்கும்போது அதை இறுக்காதீர்கள். வேகத்தை வளைவுக்கு முன்பே குறைத்துவிடுங்கள். எண்ணூர் விரைவுச் சாலை ஓரத்து மணலிலும், காசிமேட்டில் மீன் வண்டிகள் ஒழுகவிட்டுப்போகும் தண்ணீரிலும், மழையில் நனைந்த பாதாளச் சாக்கடை மூடியின் மேலும் முன்சக்கரம் வழுக்கினால் விழுவதைத் தவிர வேறு வழியில்லை. அங்கெல்லாம் பின் பிரேக்கை மட்டும் இதமாகப் பிடித்து மெதுவாகப் போங்கள்.

பெற்றோரிடம் கேட்டுக்கொள்வது ஒன்றே ஒன்று. ஞாயிற்றுக்கிழமை காலையில், வண்டி நடமாட்டம் இல்லாத தெருவில், பிள்ளையை அரைமணி நேரம் பழக்குங்கள். சுண்ணாம்பால் கோடு போட்டு, அதைத் தாண்டாமல் நிறுத்தச் சொல்லுங்கள். முதலில் மெதுவாக, இரண்டு பிடிகளையும் சேர்த்து, முன்பிடியைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டி. பத்துமுறை நிறுத்தினால் கை தானாகக் கற்றுக்கொள்ளும். பயமாக இருந்தால் கடைக்கு அழைத்து வாருங்கள், நானே சொல்லித் தருகிறேன்; அதற்குக் காசு வேண்டாம்.

அந்தப் பையனின் சைக்கிள் இன்னும் என் கடையில்தான் தொங்குகிறது. முன்சக்கரத்துக்குப் புது ரிம் போட்டு ஸ்போக்ஸ் கட்டியாயிற்று. ஃபோர்க்கின் உச்சியில் பிரேக் மாட்டும் ஓட்டையை யாரோ புட்டி வைத்து அடைத்து, தேய்த்து, மேலே கறுப்புப் பெயிண்டும் அடித்திருக்கிறார்கள். வேலை சுத்தம், ஓட்டை இருந்த இடமே தெரியவில்லை. நேற்று டிரில் போட்டு அதைத் திறந்தேன்.