குளத்து வானில் மூடை அடுக்காதீர்கள்

போன மார்கழியில் மட்டக்களப்புப் படுவான்கரைப் பக்கம் ஒரு சின்னக் குளம் உடைப்பெடுத்தது. விடிந்து நான் போய்ச் சேர்ந்தபோது கட்டு முப்பதடி அகலத்துக்கு வாய் பிளந்து கிடந்தது. கீழே இரண்டு மாதப் பயிரின் மேல் முழங்கால் அளவு மணல். நல்ல காலம், ஆட்களுக்கு ஒன்றுமில்லை.

உடைப்பைப் பார்த்துவிட்டு நேரே வானுக்கு, அதாவது குளம் நிறைந்தால் மிச்சத் தண்ணீர் வழிந்து போகும் இடத்துக்கு, நடந்தேன். சந்தேகப்பட்டது சரிதான். வானின் மேல் மூன்று வரிசை மண்மூடை, இடைவெளிக்குக் களிமண் வேறு. ஒரு மூடைகூட நகரவில்லை. கல் வைத்துக் கட்டினது போல அப்படியே இருந்தது.

“விதானையார், இது யார் வேலை?” என்று கேட்டேன். “எல்லாரும் சேர்ந்துதான் சேர். வானால போற தண்ணி சும்மா வாவிக்குத்தானே போகுது. மறிச்சா கடைசியில வயலுக்கு ஒருதரம் பாய்ச்சுற தண்ணி மிச்சம்” என்றார், வயல் தண்ணீரைப் பார்த்துக்கொள்ளும் வட்டைவிதானை. இருபது வருடமாக இதே பதில். ஊர் மாறும், குளம் மாறும், பதில் மாறாது.

சரி, இதை ஒருமுறை விளக்கமாகவே எழுதிவிடுகிறேன்.

வான் தண்ணீரை வீணாக்குவதற்குக் கட்டியது இல்லை. மண்கட்டுக்குத் தன் மேலால் தண்ணீர் பாய்வது ஆகாது. கருங்கல் அணை தாங்கும், மண் தாங்காது. அரை மணித்தியாலம் மேவிப் பாய்ந்தாலும் வெளிச்சரிவு அரிந்துகொண்டே வரும். ஆகவே எவ்வளவு வெள்ளம் வந்தாலும் தண்ணீர் முகட்டைத் தொடாமல் வெளியேற ஒரு வழி வேண்டும். அந்த ஒரே வழிதான் வான்.

வானின் மட்டத்துக்கும் கட்டின் முகட்டுக்கும் இடையில் நாலடி இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். “நாலடி சும்மா கிடக்குதே” என்று நினைக்கிறீர்கள். அது சும்மா கிடக்கவில்லை. பெருவெள்ளம் வானால் பாயும்போது தண்ணீர் ஏறி நிற்க ஒரு பங்கு, வாடைக்காற்றில் அலை அடிக்க ஒரு பங்கு, கட்டு வருடக்கணக்கில் தாழ்ந்துபோவதற்கு ஒரு பங்கு. இதில் இரண்டடிக்கு மூடை வைத்தால் என்ன ஆகும்? “வானால் போகும் தண்ணீர் பாதியாகும், அவ்வளவுதானே” என்று படித்த பிள்ளைகளே சொல்கிறார்கள். பாதியாகாது. குளம் முகடு வரை நிறைந்து நின்றாலும், முன்பு போயிருக்கக்கூடியதில் ஏறக்குறைய மூன்றிலொன்றுதான் போகும். மூன்றடிக்கு அடைத்தால் எட்டிலொன்று. வானால் பாயும் அளவு உயரத்தோடு மட்டும் குறைவதில்லை, வேகமும் சேர்ந்து குறைகிறது. வருகிற வெள்ளமோ உங்கள் மூடையைக் கேட்டுக் குறையப் போவதில்லை.

அடுத்த சமாதானம், “பெரிய வெள்ளம் வந்தா மூடைய அதுவே தள்ளிக்கொண்டு போயிரும்.” மேலே சொன்ன மூன்று வரிசையைத் திரும்ப ஒருக்கால் வாசியுங்கள். மழை கொட்டும் நடுச்சாமத்தில் யாராவது போய் இழுத்துப் போடுவார்கள் என்பதும் கதைதான். அந்த நேரத்தில் வானுக்குக் கிட்டவே போக முடியாது, போகவும் கூடாது.

மேலடித் தண்ணீரின் மீது ஆசை வருவது எனக்கு விளங்காமல் இல்லை. குளம் மேலேதான் அகலம், அங்கே ஓர் அடி என்றால் அடியிலுள்ள மூன்றடிக்குச் சமம். சிறுபோகத்தில் கடைசித் தண்ணீருக்கு அலைந்தவர்களுக்கு அதன் அருமை தெரியும். ஆனால் கட்டு போனால் அந்த ஓரடி மட்டுமா போகும்? தண்ணீர் கூட வேண்டுமென்றால் குளத்தைத் தூர் வாருங்கள், ஒழுகுகிற துருசை (மதகை) திருத்தக் கேளுங்கள். வானை உயர்த்தியே ஆக வேண்டுமென்றால் கட்டையும் சேர்த்து உயர்த்த வேண்டும். அதை அளந்து கணக்குப் பார்த்துத்தான் செய்யலாம். 200 ஏக்கருக்குக் குறைந்த வயலுக்குப் பாய்ச்சும் சிறிய குளங்கள் கமநல அபிவிருத்தித் திணைக்களத்தின் கீழ், அதற்கு மேற்பட்டவை பெரும்பாலும் நீர்ப்பாசனத் திணைக்களத்தின் கீழ். உங்கள் குளம் யாருடையது என்று முதலில் தெரிந்துவைத்துக்கொண்டால் கடிதம் மேசை மேசையாக அலையாது.

மூடை மட்டும்தான் வானை அடைக்கும் என்றில்லை. மீனுக்குக் கட்டிய வலையில் ஆற்றுவாழை, சல்வீனியா போன்ற மிதக்கும் களைகள் வந்து சேர்ந்தால் அதுவும் ஓர் அணைதான். வானுக்குக் கீழே போகும் வாய்க்காலில் யாரோ வேலி அடைத்து வாழை வைத்திருப்பார், அதையும் போய்ப் பாருங்கள்.

கட்டைப் பார்ப்பது பெரிய வித்தை இல்லை. புரட்டாதியில், குளம் வற்றியிருக்கும்போது ஒரு தடவை. பிறகு மழை தொடங்கிக் குளம் நிறைந்து வரும்போது அடிக்கடி. மேலால் மோட்டார்சைக்கிளில் போய்விட்டு “பார்த்தாச்சு” என்று சொல்லாதீர்கள். கட்டின் வெளிப்பக்க அடியில் இறங்கி நடவுங்கள். நான் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் நடப்பேன், கசிவைக் கண்ணுக்கு முன் கால் கண்டுபிடித்துவிடும். வெயில் காலத்தில் ஓரிடத்தில் மட்டும் புல் பச்சையாக நின்றால் அங்கே நின்று பாருங்கள். துருசுக் குழாய் வெளியே வரும் இடத்தைச் சுற்றியும் கட்டாயம் பாருங்கள். கசியும் தண்ணீரை உள்ளே தெரிகிற நிறமில்லாத போத்தலில் பிடித்து வையுங்கள். தெளிந்த தண்ணீர் கொஞ்சம் கசிவது பல குளங்களில் உள்ளதுதான், அளவு கூடுகிறதா என்று பார்த்தால் போதும். போத்தலின் அடியில் மண் படிந்தால் அன்றைக்கே அறிவியுங்கள், நாளைக்கு என்று வைக்காதீர்கள்.

முகட்டில் தாழ்வான இடம் எங்கே என்று பாருங்கள். மாடும் உழவு மெசினும் ஏறி இறங்கும் இடம்தான் அநேகமாக. மேசன்மார் வைத்திருக்கும் தண்ணீர் மட்டக் குழாய் ஒன்று போதும், ஒரு காலையில் முழுக் கட்டையும் அளந்துவிடலாம். மேற்சொன்ன குளம் உடைந்ததும் அப்படியொரு மாட்டுப் பாதையில்தான்.

முள்ளம்பன்றிப் பொந்து, உடும்புப் பொந்து, கறையான் புற்று எல்லாம் எழுதிவையுங்கள். மரம் வேரால் கட்டைப் பிடித்துக்கொள்ளும் என்பது தவறு. புல் பிடிக்கும், மரம் பிடிக்காது. காற்றில் சரிந்தால் பாதிக் கட்டையும் பிடுங்கிக்கொண்டு போகும். பெரிய மரத்தை வெட்டி அடிக்கட்டையை விட்டுவிடுவதும் ஆபத்து, வேர் உக்கிய பிறகு அந்த வழியால் தண்ணீர் போகும். அதனால் கன்றாக இருக்கும்போதே பிடுங்குங்கள், வளர்ந்ததை உத்தியோகத்தரிடம் கேட்டுக் கோடையில் எடுங்கள். மண் வெட்டும் பெக்கோ இயந்திரத்தைக் கொண்டுவந்து கட்டின் அடியில் மண் வெட்டி முகட்டில் கொட்டுவது மட்டும் வேண்டாம். கையெடுத்துக் கும்பிடுகிறேன்.

மழை இரவில் கலங்கிய ஊற்று வெளிக்கிட்டால், வெளிப்பக்கத்தில் களிமண்ணால் அடைக்க ஓடாதீர்கள், இன்னொரு இடத்தால் கிளம்பும். ஊற்றைச் சுற்றி மூடையால் வட்டம் கட்டித் தண்ணீரை உள்ளே கொஞ்சம் ஏற விடுங்கள். தண்ணீர் வரட்டும், மண் வரக்கூடாது. மூடைக்கு உரிய இடம் இதுதான், வான் அல்ல. ஆனால் அதற்கும் முன்னால் கீழே இருக்கிற வீட்டுக்காரரை எழுப்புங்கள். கந்தளாய்க் குளம் 1986 ஏப்ரல் 20ஆம் திகதி விடிவதற்கு முன் உடைந்தது, நூற்றுக்கு மேற்பட்டோர் செத்துப்போனார்கள். உங்கள் குளம் அதன் கால்வாசி இல்லைதான், வாய்க்காலோரத்தில் படுத்திருப்பவருக்கு அந்தக் கணக்கு உதவாது.

அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117 இலக்கத்தை விதானையார் மட்டும் வைத்திருந்தால் போதாது. வானுக்குக் கிட்ட இருக்கும் வீட்டுப் பிள்ளையின் போனிலும் அது இருக்கட்டும்.